இயற்றியவர்: பரிசுத்த ஆவி

பாட்டுரிமை அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கையருக்கு,

போன வருடம் நான் மேசையைக் காலி செய்தபோது, எனக்குப் பிறகு அந்தக் கதிரையில் உட்காரப்போகிறவர்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். இரண்டு பக்கம் போதும் என்றார்கள். எந்தப் பொத்தானை எங்கே அழுத்துவது என்று நான் எழுதப்போவதில்லை. அது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாறும். மாறாத ஒன்று இருக்கிறது. மேசைக்கு ஒரு தாள் வரும், அதற்குள் யாரோ ஒருவரின் பாட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கும், உங்களுக்கு அந்த நேரம் பார்த்துப் பசிக்கும், அல்லது ரயிலுக்கு நேரமாகும், அல்லது சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். இரண்டு பக்கத்துக்குள் அடங்காது. மன்னியுங்கள்.

நம் வேலையை வெளியாருக்குச் சொல்லி விளங்கப்படுத்துவது எனக்கு ஒருநாளும் கைகூடவில்லை. எங்கோ ஒரு பாட்டு ஒலிக்கிறது. கச்சேரி மண்டபத்தில், வானொலியில், பல் வைத்தியரின் காத்திருப்பறையில். ஒலிக்க வைத்தவர் அதற்குப் பணம் கட்டுகிறார். அந்தப் பணம் பாட்டை ஆக்கியவரைப் போய்ச் சேர வேண்டும். ஆக்கியவர் யார் என்று எழுதிவைப்பது நாம். அவ்வளவுதான். ஆனால் நாம் ஒரு பெயரைப் பிழையாக எழுதினால், பணம் வெட்கமில்லாமல் அந்தப் பிழையான வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டும், அங்கேயே தங்கியும் விடும்.

நான் மன்னார்க் கத்தோலிக்கன். அகதியாக வந்து முதல் நாலு வருடம் சுவிஸ் மலையூர் லா ஷோ-து-ஃபோனில் கடிகாரத் தொழிற்சாலையில் பெட்டி மடித்தேன். சம்பளம் சிறிது, குளிர் பெரிது, ஆனால் பிரெஞ்சு இலவசமாக வந்தது. அந்தப் பிரெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் ஸூரிச் ஓர்லிகோனில் உள்ள இந்த அலுவலகத்துக்குள் நுழைந்தேன். பிரெஞ்சு பேசுகிற மேற்கு சுவிஸிலிருந்து வரும் படிவங்கள் எல்லாம் என் மேசைக்கு.

சில வருடங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, மாலை நாலேகாலுக்கு, அந்தப் படிவம் வந்தது.

பாட்டுக்குக் கொங்கோவின் லிங்காலா மொழியில் ஒரே சொல்லில் தலைப்பு. ‘திற’ என்று அர்த்தம் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். இசை அமைத்தவர் என்ற பெட்டியில்: பரிசுத்த ஆவி. சொற்கள் எழுதியவர்: பரிசுத்த ஆவி. பிறந்த திகதி: வெறுமை. விலாசம்: வெறுமை. அடியில், மூலையோடு மூலையாக, ஒரு பெண்ணின் கையெழுத்தும் ஒரு தொலைபேசி எண்ணும்.

சிரித்தேன். பக்கத்து மேசைக்காரரிடம் காட்டினேன். அவரும் சிரித்தார். எங்கள் இரண்டு பேரின் சிரிப்பும் சேர்ந்து அந்தத் தாளுக்கு ஒரு கூத்துமேடை கட்டிக் கொடுத்தது. பிறகு, மனிதர் யாரும் ஆக்காத பாட்டுக்கு அந்நாளில் என்ன வழக்கமோ அதைச் செய்தேன்: ‘ட்ராட்’ என்று போட்டேன். பாரம்பரியப் பாட்டு, ஊர்ப்பாட்டு, யாருக்கும் சொந்தமில்லை, எவரும் எடுத்துப் பாடலாம் என்பதன் சுருக்கம் அது. பக்கத்தில் என் பெயரின் முதலெழுத்துகள். நாலரை ரயிலைப் பிடித்தேன்.

அந்தத் தொலைபேசி எண்ணை நான் அழுத்தவில்லை. நேரமில்லை என்று அல்ல. அழைத்திருந்தால் பகிடி கெட்டிருக்கும்.

அதற்குப் பிறகு பாட்டு தன் பாட்டில் மலையிறங்கிப் போயிருக்கிறது. இந்த நாட்டு மக்களுக்குக் கோஸ்பல் என்கிற கறுப்பினத்தவரின் தேவாலயப் பாட்டு என்றால் ஒரு தீராத ஆசை. ஊருக்கு ஒரு பாடகர் குழு, கழுத்தில் ஒரே நிறச் சால்வை, கை தட்டுவதற்குத் தனிப் பயிற்சி வகுப்பு. ஆராவ் பக்கத்தில் அப்படி ஒரு குழுவை நடத்துகிறவர் ரூடி. பகலில் பள்ளிக்கூட ஆசிரியர், நல்ல மனிதர், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரோ ஒரு பட்டறையில் இந்தப் பாட்டைப் பாடக் கேட்டிருக்கிறார், நம் பதிவேட்டைப் பார்த்திருக்கிறார், ‘ட்ராட்’ என்று கண்டிருக்கிறார். நாலு குரலுக்கு ஒழுங்கு செய்து, மேலே ‘பாரம்பரியம், கொங்கோ, அறுவடைப் பாட்டு’ என்று எழுதி, கீழே தன் பெயரை ஒழுங்கமைப்பாளராகப் போட்டார். அறுவடை எங்கிருந்து வந்தது என்று அவருக்கும் பிறகு நினைவில்லை. பத்துப் பதினைந்து ஊர்க் குழுக்கள் அவரிடம் தாள் வாங்கிப் பாடின. ஒவ்வொரு தடவைக்கும் ஒரு சிறு தொகை நம் அலுவலகத்திலிருந்து அவரிடம் போனது. மிச்சம் யாரிடமும் போகவில்லை, ஏனென்றால் யாரும் இல்லை என்று நான் எழுதியிருந்தேன்.

ஒரு ஜனவரி மாதச் செவ்வாய்க்கிழமை தொலைபேசி அடித்தது. பேசியவர் பிரெஞ்சில் பேசினார். ஆனால் அந்தக் குரல் என் காதுக்குள் விழும்போதே மன்னார்த் தமிழாகிவிட்டது, அப்படியே எழுதுகிறேன்.

“இது பாட்டுகளைப் பதியிற கந்தோரோ?”

“ஓம், மதாம்.”

“நான் எப்ப பாரம்பரியம் ஆனனான்?”

“விளங்கேல்ல, மதாம்.”

“எனக்கு ஐம்பத்திநாலு வயசு. பாரம்பரியம் ஆகிறதுக்கு அது காணுமோ? நத்தார்ப் பண்டிகைக்கு முன்னம் தங்கச்சியைப் பாக்க பீல் நகருக்குப் போனனான். சந்தையில நீலச் சால்வை போட்ட முப்பது பேர் நிண்டு என்ர பாட்டைப் பாடுகினம். பாடுறது மட்டுமில்லை, கையால விதை வேற விதைக்கினம். ராணுவம் நடக்கிற வேகத்தில. பாடி முடிய, நடத்தினவரிட்டப் போய், ஐயா உந்தப் பாட்டு எங்கால எண்டு கேட்டன். தாளைத் தந்தார், பாரம்பரியம் எண்டும் கீழ ரூடி எண்டு தன்ர பேரும் போட்டிருந்தவர். நீங்களும் வந்து எங்களோட பாடுங்கோ, தாளம் உங்கட இரத்தத்தில இருக்கெண்டார். என்ர இரத்தத்தில சீனி இருக்கெண்டுதான் டொக்டர் சொன்னவர்.”

அவர் பெயர் க்ளெமான்ஸ். கொங்கோவிலிருந்து வந்தவர். லா ஷோ-து-ஃபோனில், நான் பெட்டி மடித்த அதே தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, கடிகார முட்களை உருப்பெருக்கிக் கண்ணாடிக்கடியில் வைத்துச் சோதிக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் டயர்க் கடைக்கு மேல் மாடியில் இருக்கிற தங்கள் சபையில் பாடுகிறவர். தலைப்பைச் சொன்னார். கணினியில் தேடினேன். பதிவு திறந்தது. ட்ராட். பக்கத்தில் இரண்டு முதலெழுத்துகள், என்னையே பார்த்துக்கொண்டு.

“தேடிப் பாத்திட்டு எடுக்கிறன், அக்கா” என்றேன். மதாம் எப்போது அக்கா ஆனார் என்று தெரியாது. பயத்தில் உறவு கெதியாக வரும்.

அன்று காலை வந்த இன்னொரு கடிதம் ஏற்கெனவே என் மேசையில் இருந்தது. ஸூரிச்சில் ஒரு விளம்பர நிறுவனம். ஒரு காப்புறுதிக் கம்பனிக்குத் தொலைக்காட்சி விளம்பரம் எடுக்கிறார்களாம். அதே பாட்டு. ‘ட்ராட் என்று காண்கிறோம். ஒழுங்கமைப்பாளரோடு மட்டும் ஒப்பந்தம் செய்யலாமா? வெள்ளி நண்பகலுக்குள் உறுதிப்படுத்தவும்.’ ஓம் என்று பதில் போட்டால், பாட்டு நாடு முழுவதற்கும் ட்ராட் ஆகவே போய்விடும். அதற்குப் பிறகு திருத்துவது, கொட்டிய பாலை ஸ்பூனால் அள்ளுகிற வேலை.

எங்கள் பகுதித் தலைவியிடம் போனேன். அப்பென்ஸெல் மலைநாட்டுக்காரி, குட்டையான மனுசி, கெட்ட செய்தி கேட்கும்போதெல்லாம் எழுந்து கள்ளிச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார். எங்கள் காலத்தில் அந்தக் கள்ளி வெள்ளத்தில் வாழ்ந்தது.

“ஆரோ இதை ட்ராட் எண்டு போட்டிட்டினம்” என்றேன், ஜெர்மனில்.

“அந்த ஆரோவுக்கு முதலெழுத்து இருக்குமே?”

சொன்னேன். தண்ணீர் ஊற்றினார்.

“பெட்டியில என்ன எழுதியிருந்தது?”

“பரிசுத்த ஆவி.”

“நீர் கத்தோலிக்கன்தானே?”

“ஓம்.”

“நான் புரட்டஸ்தாந்து. நாங்கள் எண்டாலும் ஒருக்கா போன் எடுத்திருப்பம்.”

அவரிடம் பதினெட்டு வருடம் வேலை செய்தேன். அதைவிடக் கடுமையாக என்னை ஏசியதில்லை. கதிரையில் உட்கார்ந்து, சாதாரணக் குரலில் சொன்னார்: “வெள்ளி மத்தியானத்துக்கு முன்னம் இயற்றினவர் நான்தான் எண்டு அவ கையெழுத்து வைக்க வேணும். அது அவவின்ர பாட்டுத்தான் எண்டதுக்கு ஒரு சாட்சியும் வேணும். போனில கேளாதையும். நேர போம். பிழை விட்டது ஆர் எண்டு அவவுக்குச் சொல்லுறதும் விடுறதும் உம்மட பாடு. சட்டப் பிரிவைக் கேட்டா வாயைத் திறக்காதையும் எண்டுதான் சொல்லும்.”

“நீங்கள் என்ன சொல்லுறியள்?”

“நான் சட்டப் பிரிவு இல்லை” என்றார்.

வியாழக்கிழமை போனேன். ஓல்ட்டன் வரை பனிமூட்டம், பீலிலும் பனிமூட்டம், நொயென்பூர்க்கிலும் பனிமூட்டம். சாம்பிரேலியனில் ரயில் நின்று, வந்த முகத்தைப் பின்னாக்கி மலையேறத் தொடங்கியது. முன்னோக்கி உட்கார்ந்திருந்த நான் இப்போது பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். காடு முடிந்த இடத்தில் மூட்டமும் முடிந்தது. ஆயிரம் மீட்டர் உயரத்தில் வெயில், கண் கூசும் பனி, கோடு போட்டது போல நேரான தெருக்கள். இந்த ஊரைவிட்டுப் போனபோது ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை என்பது ஞாபகம் வந்தது. ஊர் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்ட மாதிரித் தெரியவில்லை.

க்ளெமான்ஸ் அக்கா காலை வேலை முடித்து வந்திருந்தார். உயரமான பெண், வெள்ளைத் தொழிற்சாலை மேற்சட்டையை இன்னும் கழற்றவில்லை. குசினியில் உட்கார வைத்து மரவள்ளி இலைக் கறியும் சோறும் போட்டார். பக்கத்தில் மிளகாய் அரைத்த சிவப்புச் சம்பல் ஒரு கரண்டி. நான் அழுகிறேனா என்று பார்த்துக்கொண்டு நின்றார். மன்னார்க்காரன் அழவில்லை. அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

“பாட்டு எப்பிடி வந்தது, அக்கா?”

“இந்தத் தொட்டிக்கு முன்னால. கோப்பை கழுவிக்கொண்டு நிண்டன். கீழ தபால்காரன் வந்து போன சத்தம் கேட்டது. எனக்கு ஒண்டும் இல்லையெண்டு தெரியும். கடிதத்துக்குக் காத்திருந்த மூண்டாவது வருசம் அது. அப்ப வந்தது. முழுசா, மூண்டு சரணமும். நான் தண்ணியைக்கூடப் பூட்டேல்ல.”

பாடிக் காட்டினார். ரூடியின் வேகத்தில் பாதி. அது நடக்கிற பாட்டே அல்ல, நிற்கிற பாட்டு. கதவுக்கு முன்னால் நின்று, போகவும் மனமில்லாமல் தட்டவும் துணிவில்லாமல் நிற்கிற பாட்டு. எனக்குக் கையில் இருந்த சோறு காய்ந்துபோனது. பிறகு சொல் சொல்லாக அர்த்தம் சொன்னார்:

“ஆண்டவரே திற, தபால்பெட்டியைத் திற. நான் திறந்தா உள்ளுக்குப் பனிதான் கிடக்கு. அவையள் எனக்கு எஃப் எண்ட எழுத்தைத் தந்தினம், நீர் எனக்கு வேற எழுத்துத் தாரும்.”

நிறுத்தச் சொன்னேன். “எஃப்? எஃப் பெர்மிட்டோ?”

“வேற என்ன எஃப்? எழுத்து மாறி வேற பெர்மிட் வர ஏழு வருசம் எடுத்தது.”

தம்பி, தங்கையரே, தலைவி கேட்ட சாட்சி அதுதான். அகதி விண்ணப்பக்காரரைத் தற்காலிகமாக நாட்டில் இருக்கவிடுகிற அந்த எஃப் அட்டைக்காக எந்தக் கொங்கோ மூதாதை அறுவடை வயலில் நின்று அழுதான்? ஆரவாரத்தோடு படிவத்தை விரித்தேன். பேனையையும் திறந்து கொடுத்தேன்.

“இயற்றியவர் எண்ட இடத்தில உங்கட பேர். கீழ கையெழுத்து. இவ்வளவுதான்.”

வாசித்தார். பேனையை மூடித் திருப்பித் தந்தார்.

“நான் இயற்றேல்ல.”

“அக்கா...”

“எனக்குத் தந்தது, நான் வாங்கினது. அவர் பேர் இருக்க வேண்டிய இடத்தில என்ர பேரை எழுதினா அது களவு. ரூடி செய்ததும் அதுதானே? அவர் தெரியாமல் செய்தவர். நான் தெரிஞ்சு செய்யவோ?”

இது அவருடைய பிடிவாதம் மட்டுமல்ல என்பதை நீங்கள் அறிய வேண்டும். டயர்க் கடை மேல்மாடிகளிலும் பள்ளிக்கூட நிலவறைகளிலும் பாடுகிற இந்தப் பாடகர்கள் பலருக்கு அது எழுதாத சட்டம். பாட்டு வந்தது என்பார்கள், செய்தேன் என்று சொல்லமாட்டார்கள். பணிவு. அந்தப் பணிவு நம் படிவத்துக்குள் வந்ததும் உரிமையாளர் இல்லை என்றாகிவிடுகிறது. அந்த இடைவெளிக்குள் ஒரு பெரிய லொறியையே ஓட்டிக்கொண்டு போகலாம். பலர் ஓட்டியிருக்கிறார்கள்.

நான் என் ஞானோபதேச வகுப்பு முழுவதையும் திரட்டினேன்.

“அக்கா, நற்செய்தியும் ஆவியானவர் தந்ததுதானே? ஆனா மத்தேயு தன்ர பேரைப் போட்டிருக்கிறாரே!”

க்ளெமான்ஸ் அக்கா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. “மத்தேயு ஆயக்காரன், தம்பி. வரி வாங்கினவன். அவனுக்குத் தாள் கண்ட இடமெல்லாம் கையெழுத்து வைக்கிற பழக்கம்.”

தோற்றேன். மாற்கு, லூக்கா எல்லாரையும் வந்த வழியே திருப்பி அனுப்பினேன். என் ரயிலுக்கு ஒரு மணித்தியாலம் இருந்தது. வெள்ளி நண்பகலுக்கு இன்னும் ஒரு இரவு.

“நான் கையெழுத்து வைக்காட்டி என்ன நடக்கும்?”

“ட்ராட் எண்டே இருக்கும். ரூடிக்குப் போறது போகும். விளம்பரத்துக்கும் அவரோட மட்டும்தான் கதைப்பினம்.”

“அப்ப, நான் பரிசுத்த ஆவி எண்டு எழுதி அனுப்பினனே, அது?”

“அது இப்ப இல்லை. எடுத்தாச்சு.”

“ஆர் எடுத்தது?”

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அலுவலகம் எடுத்தது என்று சொல்லலாம். கணினி எடுத்தது என்று சொல்லலாம், கணினி மறுக்காது. சட்டப் பிரிவு ஓல்ட்டனுக்கும் அப்பால், பனிமூட்டத்துக்குள், பாதுகாப்பாக உட்கார்ந்திருந்தது. எதிரே இருந்தவரோ மயிரளவு கோணல் முள்ளை நாள் முழுக்கக் கண்டுபிடிக்கிறவர்.

“நான்” என்றேன்.

“நீயோ?”

“ஓம். ஒரு வெள்ளிக்கிழமை. நாலேகாலுக்கு. வாசிச்சுப்போட்டுச் சிரிச்சனான். உங்களுக்கு ஒரு போன்கூட எடுக்கேல்ல. திருத்தினாலும் கொஞ்ச வருசம்தான் பின்னால போகலாம். அதுக்கு முந்தின காசு திரும்பி வராது. அதுவும் என்னாலதான்.”

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். நான் கதவு எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டேன்.

“தம்பி, என்னை எடுத்தது பரவாயில்லை. என்னைக் கனபேர் கன இடத்தில இருந்து எடுத்திருக்கினம். அவரை எடுத்தனீயோ?”

“ஓம்.”

“என்ன காரணம் சொல்லி?”

“விலாசம் இல்லை. பிறந்த திகதியும் இல்லை.”

“பாங்க் நம்பரும் இருந்திராது” என்றார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். மேசை குலுங்கியது, சம்பல் கிண்ணம் ஓரத்துக்கு நகர்ந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “அந்தக் காசுக் கணக்கை நீ அவரோட தீர். எனக்கு ஒண்டு செய். அவரைத் திருப்பிப் போடு. போட்டா நான் வைக்கிறன்.”

“எங்க போடுறது அக்கா? இயற்றினவர் எண்ட இடத்தில மனிசர்தான் இருக்கலாம்.”

“தா இஞ்ச.”

மேற்சட்டைப் பையிலிருந்து உருப்பெருக்கியை எடுத்துக் கண்ணில் பொருத்திக்கொண்டார். தாளில் எழுத்துகள் பெரிதாகத்தான் இருந்தன, வேலைப் பழக்கம். விரலை ஒவ்வொரு பெட்டியாக நகர்த்தினார்.

“இதில?”

“அது பதிப்பாளர். வர்த்தகப் பதிவு வேணும்.”

“இதில?”

“புனைபெயர். அதுக்குப் பின்னால உண்மைப் பேர் வேணும்.”

“அவருக்குப் புனைபெயர் தேவையில்லை. இதில?”

“அது பாட்டின்ர தலைப்பு.”

“அதுக்கு என்ன வேணும்?”

“அதுக்கு ஒண்டும் வேண்டாம். எதையும் எழுதலாம்.”

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது எனக்கே கேட்டது. அத்தனை வருடம் அந்தப் படிவத்தோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். எல்லாப் பெட்டிக்கும் காவல் உண்டு, தலைப்புக்கு மட்டும் கிடையாது என்பதை ஒரு கடிகாரமுள் சோதிக்கிற பெண் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

உருப்பெருக்கியைக் கழற்றாமலே எழுதினார், மெதுவாக, பெரிய எழுத்தில், கோட்டைத் தாண்டி ஓரம் வரைக்கும்: ‘லா ஷோ-து-ஃபோனில் பெர்மிட் வராத பனிக்காலத்தில் பரிசுத்த ஆவி க்ளெமான்ஸுக்குத் தந்த பாட்டு.’ அதற்கு அடுத்த பெட்டி இயற்றியவர். அதில் தன் முழுப் பெயர். அடியில் கையெழுத்து.

“மேல அவர், கீழ நான்” என்றார். “இப்ப ஒழுங்கு.”

வெள்ளி காலை எட்டு மணிக்குத் தலைவி படிவத்தை வாசித்தார். எழுந்து கள்ளிப் பக்கம் போனார், தண்ணீர்க் குவளையை எடுத்தார், ஊற்றாமல் திரும்ப வைத்தார். “விதியில நீளம் பற்றி ஏதும் இருக்கோ?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அப்ப பதியும்.”

அடுத்து ரூடிக்குத் தொலைபேசி எடுத்தேன். முதலில் நம்பவில்லை. அது நூற்றாண்டுகள் பழைய பாட்டு, அதன் தாளத்திலேயே மண் மணக்கிறது என்றார். மறுத்துப் பேசாமல் எஃப் வருகிற வரியை ஜெர்மனில் வாசித்தேன். மறுமுனையில் ஒரு பள்ளிக்கூட மணி அடித்து ஓய்ந்தது.

“எஃப் எண்டா, அந்த எஃப்போ?”

“அந்த எஃப்தான்.”

“நாங்கள் இதைக் குடிவரவுக் கந்தோர்க்காரரின்ர நத்தார் விருந்தில பாடினனாங்கள்” என்றார் ஈனக்குரலில். “இன்னொருக்காப் பாடச் சொல்லிக் கேட்டவை.”

நல்ல மனிதர் என்று சொன்னேன் அல்லவா? அடுத்து அவர் கேட்டது பணத்தைப் பற்றி அல்ல. “அப்ப அந்த விதைக்கிற சைகையை நிப்பாட்ட வேணுமோ?” என்று கேட்டார். அக்கா சொல்லி அனுப்பிய நிபந்தனைகளைச் சொன்னேன்: வேகத்தைப் பாதியாக்க வேண்டும்; தலைப்பை ஒரு எழுத்துக் குறையாமல் நிகழ்ச்சித் தாளில் அச்சடிக்க வேண்டும், மேடையிலும் வாசிக்க வேண்டும்; ஒழுங்கமைத்ததற்கான சிறு பங்கை அவர் வைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் சம்மதம். இப்போது அந்த முப்பது பேரும் தபால்பெட்டி திறக்கிற மாதிரிக் கையசைக்கிறார்களாம். திறந்து, உள்ளே எட்டிப் பார்த்து, மூடுகிறார்களாம்.

பதினொரு மணிக்கு விளம்பரக்காரர்களுக்கு, பாட்டுக்கு உரிமையாளர் இருக்கிறார் என்று எழுதினேன். அவர்கள் உடனே ஒரு தொகை சொன்னார்கள். நல்ல தொகை. அக்காவின் தொழிற்சாலைக்குத் தொலைபேசி எடுத்து, இடைவேளையில் பிடித்துச் சொன்னேன்.

“அது ஆருக்கு?”

“உங்களுக்கு, அக்கா.”

“அவருக்கு?”

“ஆருக்கு?”

“தலைப்பில அவர் இருக்கிறார். நான் ஒண்டு வாங்க அவர் சும்மா நிக்கிறதோ? இரண்டு தரம் கேள். எனக்கு ஒண்டு, அவருக்கு ஒண்டு.”

“அக்கா, இப்பிடிக் கேட்டா அவையள் வேற பாட்டுக்குப் போயிடுவினம். இன்னும் முக்கால் மணித்தியாலம்தான் இருக்கு.”

“போகட்டும். வெறும் பெட்டியைத் திறந்து பழகினனான். எனக்கு மணி அடிக்குது, முள் பாக்கப் போறன்.” வைத்துவிட்டார்.

இந்த இடத்தில் உங்களுக்கு யாரும் விதி எழுதித் தரமாட்டார்கள். உரிமையாளரைச் சமாதானம் செய்து விலையைக் குறைப்பது எளிது. அவருடைய நன்மைக்குத்தான் செய்கிறோம் என்று நாமே நம்பிவிடலாம். அப்படி நம்பிய நல்லவர்களால்தான் இந்தப் பாடகர்கள் இவ்வளவு காலம் கேட்டதில் பாதியும், பல வேளை ஒன்றுமே இல்லாமலும் போனார்கள். ஒருமுறை நானாக முடிவெடுத்து அவர் படிவத்தைத் திருத்தியவன் நான். இரண்டாம் முறை திருத்தக் கை வரவில்லை. அவர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

விளம்பர நிறுவனத்துப் பெண் திருப்பிக் கேட்டார்: “இரண்டு சம பங்கா? இரண்டாவது உரிமையாளர் யார்?”

தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு தலைவியைப் பார்த்தேன். அவர் என் மேசைக்குப் பக்கத்தில்தான் நின்றார், வேறு அலுவல் இருப்பது போல.

“இணைப் படைப்பாளியளுக்குள்ள உள்ள விசயம் எண்டு சொல்லும்” என்றார், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

சொன்னேன். பன்னிரண்டுக்கு ஏழு நிமிடம் இருக்கையில் சம்மதம் என்று மின்னஞ்சல் வந்தது. பாதியாவது குறைப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அவர்களுக்கு அந்தப் பாட்டுத்தான் வேண்டியிருந்தது. விளம்பரத்தின் முடிவில் ஒரு தபால்பெட்டி திறக்கிறதாம்.

செய்தி அந்த மேல்மாடிகளுக்கெல்லாம் எப்படிப் போனதோ தெரியாது. வசந்தகாலத்தில் ஒரு சனிக்கிழமை, அக்கா அழைத்து, டயர்க் கடைக்கு மேலே இருந்த சபைக்குப் போனேன். லோசானிலிருந்து ஒரு அங்கோலாக்காரர், பீலிலிருந்து இரண்டு கானா நாட்டுச் சகோதரிகள், ஃப்ரீபூர்க்கிலிருந்து கிட்டார் வாசிக்கிற ஒரு தாதி, இன்னும் பலர். எல்லோர் பையிலும் நம் அலுவலகம் பல காலமாக ட்ராட் என்று போட்ட படிவங்களின் பிரதிகள். எல்லாவற்றிலும் அதே இயற்றியவர். அக்கா ஒரு நீள மேசையில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கண்ணில் வைத்து, “அவரைத் தூக்கி மேல வை, உன்ர பேரைக் கீழ எழுது, பிறந்த திகதி உன்ர, அவரின்ரயில்லை” என்று ஒவ்வொருவரையும் அதட்டிக்கொண்டிருந்தார். நான் பெட்டி பெட்டியாகச் சரிபார்த்தேன். இருட்டும் முன் நாற்பது பாட்டுகளுக்கு மேல் ஆட்கள் கிடைத்தார்கள். நம் பதிவேட்டில் நீங்கள் காணப்போகிற, இரண்டு வரிக்கு ஓடுகிற அந்தத் தலைப்புகளை யாராவது சுருக்கச் சொன்னால் சுருக்காதீர்கள்.

எல்லோரும் கோப்பி குடிக்கிற நேரம் பார்த்து அக்காவை ஒரு பக்கம் கூப்பிட்டேன். விளம்பரக் காசு வந்து சேர்ந்து மூன்று வாரம். இரண்டு பங்கும் அவருடைய ஒரே கணக்குக்குத்தான் போயிருந்தது. அந்த இரண்டாவது பங்கு என்ன ஆனது, சபைக்குக் கொடுத்தாரா, ஊருக்கு அனுப்பினாரா, அல்லது, மன்னியுங்கள், தளபாடக் கடையில் ஏதாவது வாங்கினாரா என்று என் மண்டைக்குள் ஒரு எலி ஓடிக்கொண்டே இருந்தது.

“அக்கா, ஒண்டு கேக்கிறன், கோவிக்கக்கூடாது. அவரின்ர பங்கை அவரிட்ட எப்பிடிக் குடுத்தனீங்கள்?”

க்ளெமான்ஸ் அக்கா கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அது எனக்கும் அவருக்கும் உள்ள கதை, தம்பி. ஏற்கெனவே ஒருக்கா எங்கட நடுவுக்குள்ள வந்தனீ. காணும்.”